மூணு எலைக் கணக்கு

"மொளைச்சு மூணு எலை விடலை, அதுக்குள்ள பேச்சைப் பாரு"ன்னு உன் சித்தப்பன் சொல்லிட்டான்னு மொகத்தைத் தூக்கி வெச்சிருக்கியாமே, பேராண்டி? டிப்ளமோ முடிச்சு, கம்பெனி கார்டைக் கழுத்துல மாட்டினவனை இப்படிச் சொல்லலாமான்னு கேக்கறியா? வா, திண்ணையில குந்து. அவன் திட்டலை. பயிர்க் கணக்கு சொல்லியிருக்கான்.

விதைநெல்லைச் சாக்குல கட்டி ஒரு நாள் தண்ணியில ஊறப்போடுவோம். எடுத்து, தண்ணி வடியவிட்டு, வைக்கோல் போட்டு மூடி இன்னொரு நாள் வெச்சா, உள்ள கையை விட்டதும் வெதுவெதுன்னு சுடும். நெல்லுக்குள்ள இருக்கற மாவைத் தின்னு மொளை மூச்சு விடுது, அந்தச் சூடு. வெள்ளையா நுனி எட்டிப் பாத்ததும் நாத்தங்காலுக்குத் தூக்கிட்டு ஓடணும். அசந்து தூங்கிட்டா வேர் நீண்டு பின்னிக்கும். பிரிச்சு விதைக்கறப்ப ஒடியும்.

அப்புறம் எலை விடும். மொத எலை, ரெண்டாவது எலை பச்சையாத்தான் இருக்கும், சம்பாதிக்கற மாதிரிதான் தெரியும். ஆனா சாப்பாட்டுல பெரும்பங்கு நெல்லுக்குள்ள இருக்கற அப்பன் சொத்து. மூணாவது எலை விரியற சமயத்துலதான் அந்த மாவு தீரும். வெயிலையும் வேரையும் நம்பிப் பயிர் சொந்தமாப் பொழைக்க ஆரம்பிக்கும். விஞ்ஞானிங்க கருவி வெச்சுக் கண்டுபிடிச்சதை உன் பாட்டி வையறதுக்கு வெச்சிருந்தா. இப்பச் சொல்லு: உன் பைக்குக்கு மாசாமாசம் தவணை கட்டறது யாரு?

சரி, சரி, எழுந்துக்காத. உன் பக்கத்துக்கும் ஒரு சாட்சி இருக்கு. மடகாஸ்கர் தீவுல ஹென்றி தெ லாலனியேன்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். நாங்கள்லாம் முதிரவிட்டுக் கத்தை கத்தையா நட்ட நாத்தை, அவர் 1980கள்ல இளசா, ஒத்தை ஒத்தையா நடவெச்சுப் பாத்தார். தூர் வெடிச்சுக் கிளைச்சுது. நம்ம வேளாண்மைத் துறையும் ஒற்றை நாற்று நடவுன்னு அதைக் கொண்டாந்துச்சு: 14 நாள் நாத்து, குத்துக்கு ஒண்ணு, நாலு பக்கமும் 25 சென்டிமீட்டர். ஆக, மூணு எலை விட்டதும் விடாததுமா வீட்டை விட்டுக் கெளம்பினாலும் தழைக்கலாம். இடைவெளி மட்டும் வேணும். பத்துக்குப் பத்து ரூம்ல எட்டுப் பேர் ஷிப்ட் மாத்தி ஷிப்ட் படுக்கறாங்களே உன் கூட்டாளிங்க, அந்த நடவுக்கு எந்த அதிகாரியும் மானியம் தரமாட்டான். வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கறதுக்கு 2024ல பெரிய ஹாஸ்டல் திறந்தாங்களேன்னு கேக்காத. அது பொண்ணுங்களுக்கு. உனக்கு மீசை மொளைச்சாச்சு.

மீசை மட்டுமா? பல்லு மொளைக்குது, றெக்கை மொளைக்குது, விடியறதுக்கு முன்ன வெள்ளி மொளைக்குது. மாடு கட்ட அடிக்கற குச்சிக்கும் மொளைன்னுதான் பேரு. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நெலம் அளக்க வந்தவங்களும் மொளையடிச்சுத்தான் கயிறு இழுத்தாங்க. மாட்டு மொளையை எப்ப வேணும்னாலும் புடுங்கி வேற எடத்துல அடிக்கலாம். அவங்க அடிச்சதைப் புடுங்க முடியலை. அதுலேர்ந்து நம்ம பிள்ளைப்பாக்கத்துல விதைக்காமலே எல்லாம் மொளைக்குது: கம்பெனி, ஹாஸ்டல், பிரியாணிக் கடை, வயக்காட்டு நடுவுல பேர் தெரியாத ஏதோ ஒரு நகர்.

அந்த நகர்லதான் நீயும் மனை வாங்கியிருக்கே. வாங்கு, வேணாங்கலை. ஆனா பிள்ளைப்பாக்கத்துல பொறந்துட்டு, நர்சரியில போய் 'கோகனட் பிளான்ட் இருக்கா'ன்னு கேட்டியாமே! நெல்லுக்கும் கத்தரிக்கும் நாத்து, வாழைக்கும் மாவுக்கும் கன்னு, பனைக்கு வடலி, தென்னைக்குப் பிள்ளை. பேர் தெரியாதவன்னு தெரிஞ்சா கடைக்காரன் கழிச்சுப்போட்டதை உன் தலையில கட்டுவான். வாழைக்கன்னு வாங்கினா, எலை ஒல்லியா, அடி பருத்து நிக்கற ஈட்டிக் கன்னாப் பாரு. சின்னதுலயே அகல எலையை விரிச்சுத் தளதளன்னு நிக்கறது நீர்க்கன்னு; தாய்க் கிழங்கோட ஒட்டு இருக்காது, பகட்டு மட்டும்தான். உங்க ஆபீஸ்லயே ரெண்டு மூணு பாத்திருப்பே.

தென்னம்பிள்ளைன்னா 9 மாசத்துக்குக் கொறையாம வயசு, 6 ஓலை, கழுத்துச் சுத்தளவு 10 சென்டிமீட்டர். குழி 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். நீயே வெட்டு, லீவு நாள்தானே. ஜேசிபி கூப்பிடாத. இந்த ஊர்ல அது எறங்கினா, சாயங்காலத்துக்குள்ள நாலு புரோக்கர் வந்து எந்தக் கம்பெனி வருதுன்னு கேப்பான்.