கண்டுமுதலும் கேட்டவர் முகமும்: ஓர் ஆய்வு

காவிரிப் படுகையில் ஒரு மா நிலம் எவ்வளவு நெல் தரும் என்பதை ரகமும் எருவும் தண்ணீரும் தீர்மானிப்பதாக வேளாண் அறிவியல் நம்பிக்கொண்டிருக்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருந்தும் இந்தப் பிழை திருத்தப்படவில்லை. மூட்டை களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்த பிறகும் கண்டுமுதல் கூடும், குறையும். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

சான்றுக்கு ஒரு சம்பா வயல். பொன்மணி நெல், 60 கிலோ மூட்டையில் மாவுக்கு 12 கண்டிருக்கிறது என்று வையுங்கள். டீக்கடையில் அண்டை வயல்காரர் கேட்கிறார்: "என்ன மாமா, எப்படிக் கண்டுச்சு?"

"ஏதோ, போட்டதுக்குப் பழுதில்ல மாப்ள."

எண்ணே வரவில்லை என்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். அடுத்த வரப்புக்காரன் கண் அப்படி. விடாமல் நச்சரித்தால் 9 வரும். கைமாற்று கொடுத்தவர் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் 7; "புகையான் அடிச்சிடுச்சுண்ணே" என்பது பின்னிணைப்பு. சம்பந்தம் பேச வந்தவர் கேட்டாலோ 15, "இந்த வருஷம் கொஞ்சம் கம்மிதான்" என்ற அடக்கத்துடன்.

இதைப் பொய் என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. கேட்பவரும் இதே ஊர்க்காரர்தானே? 9 என்று காதில் விழுந்ததுமே மனசுக்குள் 3 கூட்டிக்கொள்வார். அவர் கூட்டுவார் என்று தெரிந்துதான் இவர் குறைக்கிறார். இருவருக்கும் இடையே 12 பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எவராவது வாய் தவறி உள்ளபடி 12 என்று சொல்லித் தொலைத்தால்தான் ஆபத்து. பொழுது சாய்வதற்குள் ஊரில் அது 15 ஆகியிருக்கும். மறுநாள் காலை வாசலில் ஒரு பங்காளி நிற்பார்.

அச்சம் எப்போதும் எண்ணைக் குறைக்கும் என்றும் விதி செய்துவிட முடியாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. அங்கே போனதும், வீட்டில் சாவியாகக் கிடந்த அதே நெல் மணி மணியாக மாறிவிடும். "கடிச்சுப் பாருங்க சார், கடக்குன்னுது!" வாய்ச்சொல்லை நம்பாதவர்கள் பயிர்க் காப்பீட்டுக்குக் கணக்கெடுப்பவர்கள்தாம். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் கட்டி, அறுத்து, எடை போட்டுப் பார்க்கிறார்கள். டீக்கடை பெஞ்சின் அருமை தெரியாதவர்கள்.

திருஷ்டிக்கு அஞ்சாத தஞ்சாவூர்க்காரர் என்று முதலாம் ராஜராஜனைத்தான் சொல்ல முடிகிறது. 1010இல் பெரிய கோயிலை முடித்தவர், எந்த ஊர் நிலத்திலிருந்து எத்தனை கலம் நெல் வரும் என்பதை, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பது உட்பட, ஊரறியக் கல்லிலேயே வெட்டி வைத்தார். நிலக் கணக்கு மாவையும் தாண்டி முந்திரி வரை நுணுகிப் போகிறது. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அசருவதில்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் வந்து தஞ்சையைக் கொளுத்தினானா இல்லையா என்று திருப்பிக் கேட்கிறார்கள். இடையில் கழிந்த 200 ஆண்டுகளை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. திருஷ்டி மெதுவாகத்தான் வேலை செய்யுமாம்.

மாநிலங்களும் இந்த மரபுக்கு விலக்கல்ல. 1990 முதல் 2007 வரை காவிரி நடுவர் மன்றத்தின் முன் நின்ற எவரும் தம்மிடம் தண்ணீர் தாராளமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளவில்லை. இவ்வட்டாரத்தில் கூட்டவோ கழிக்கவோ முடியாத எண் மேட்டூர் அணையின் நீர்மட்டம். 120 அடிதான் உச்சம், நாளிதழில் தினமும் வந்துவிடுகிறது. அதையும் நாலு பேரிடம் கேட்டுத்தான் நம்புகிறோம்.

உண்மை அறிய வழியே இல்லையா? உண்டு. கதிரில் மணிகளை மஞ்சள் உருண்டையாக்கும் நெற்பழ நோய் நன்றாக விளையும் ஆண்டில்தான் தலைகாட்டும் என்பது பழைய நம்பிக்கை. 'லட்சுமி நோய்' என்றே அதற்குப் பெயருண்டு. எனவே வாசகர்களே, தை மாதம் டெல்டா பக்கம் போனால் கண்டுமுதலைக் கேட்காதீர்கள். நெற்பழம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். "அத ஏன் கேக்குறீங்க" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டால், "அடடா, பாவம்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று கிளம்பிவிடுங்கள். முகத்தில் சிரிப்பு மட்டும் தெரியக் கூடாது.