கைக்குட்டை வித்தகர்

தீபாவளிக்கு முந்திய வாரத்தில், தருமபுரிக் கடைவீதியில் கால் வைக்க இடமில்லாத மாலை வேளையில், ஜவுளிக்கடைக்குள் சாவதானமாக நுழைந்து, ஜமக்காளத்தின்மேல் சம்மணமிட்டு அமர்ந்து, கடைப்பையன் விரித்துப்போட்ட துணியின் விலையைக் கேளாமலும் நிறத்தைப் பாராமலும், அதன் இரு முனைகளைப் பற்றி ஒரு முடிச்சிட்டு, இறுக்கி, இழுத்து, உதறி, ‘ஊஹூம்’ என்று தலையசைத்து, அடுத்த சுருளுக்குக் கை நீட்டுகிறாரே ஒரு மனிதர், அவரைத்தான் சொல்கிறேன். அவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவாக இருக்கலாம். சீட்டுக்கட்டு, காசு மறைத்தல் முதலிய சில்லறை வித்தைகளிலும் அவருக்குப் பரிச்சயம் உண்டு. ஆயினும் அவருடைய ஆத்மா குடியிருப்பது கைக்குட்டை முடிச்சில்தான்.

“ஜாக்கெட்டுக்குங்களா ஐயா, உள்பாவாடைக்குங்களா?” என்று பையன் கேட்பான்.

“கைக்குட்டைக்குத் தம்பி.”

“கைக்குட்டை தைச்சதே டஜன் கணக்குல இருக்குதுங்களே!”

“அது மூக்குத் துடைக்க. எனக்கு வேண்டியது முடிச்சுக்கு.”

இந்த மறுமொழியைக் கேட்டபின் பையன் முதலாளியைப் பார்ப்பான்; முதலாளி கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பார்; பரீட்சை தொடங்கிவிடும். பாப்ளின் வரும். பருத்திக்குப் பருத்தியின்மேல் உள்ள பற்று அளவு கடந்தது என்றும், கஞ்சி ஏறிய புதுத்துணியில் விழுந்த முடிச்சைப் பல்லால்தான் அவிழ்க்கவேண்டும் என்றும் கூறி அதை ஒதுக்குவார். மல் துணி வரும். மென்மை போதும், ஆனால் இழுத்தவுடன் மிளகளவாகச் சுருங்கி இறுகிப்போகிற முடிச்சு பின்வரிசைக்காரனுக்குத் தெரியுமா என்று கேட்பார். நைலான் வந்தால், வித்தைக்காரன் ஊதுவதற்கு முன்னரே தானாக நழுவி அவன் மானத்தை வாங்கிவிடும். சாட்டினில் ஒரு முகம் வழுக்கும், மறுமுகம் பிடிக்கும், அதை நம்புவதற்கில்லை. ஜார்ஜெட்டைக் கண்டு நமக்கு ஆசை உண்டாகலாம். அவரோ அதன் இழைகளை முறுக்கேற்றி நெய்திருப்பதால் மேற்பரப்பு மணல் மணலாக இருப்பதைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டி, பெண் பார்க்கப் போன தாய்மாமனைப்போல உதட்டைப் பிதுக்குவார். இவையெல்லாம் முடிந்தபின், எதுவோ ஒன்று தேறினாற்போல இருக்கும். அப்போது பார்த்து அதன் அகலத்தை அளப்பார். 44 அங்குலம்! 18 அங்குலச் சதுரம் இரண்டு போக மீதி 8 அங்குலத்தை என்ன செய்வது என்று அவர் எழுப்பும் வினாவுக்குத் தருமபுரி ஜில்லாவில் எந்த வியாபாரியும் இதுவரை விடை சொன்னதில்லை.

அவருடைய சிரத்தையில் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்த வித்தையின் சூட்சுமம் பரம ரகசியமன்று. சாரணர் படையில் இருந்த சிறுவனும் அறிவான். இரண்டு கைக்குட்டைகளின் முனைகளைச் சதுர முடிச்சாகக் கட்டியபின், ஒரே கைக்குட்டையின் முனையையும் உடலையும் எதிரெதிராக இழுத்தால், அது நேராக நிமிர்ந்துவிடுகிறது. மற்றது அதன்மேல் வெறும் சுருக்காகச் சுற்றி நிற்கிறது. முடிச்சு முன்னிலும் இறுகிவிட்டதென்று சபை எண்ணும் அந்த க்ஷணத்திலேயே அது முடிச்சு என்ற பதவியை இழந்துவிடுகிறது. முடிச்சுகளைப் பற்றிப் பெருநூல் எழுதி 1944இல் வெளியிட்ட ஆஷ்லி என்ற அமெரிக்கர், இரண்டு கயிறுகளை இணைப்பதற்கு இதை நம்பி உயிரிழந்தவர் மிகப் பலர் என்று எச்சரித்திருக்கிறார். மாலுமிக்கு எமனாகிற அதே குணத்தால்தான் மந்திரவாதி பிழைக்கிறான். இத்தாலியில் பிறந்து நியூயார்க்கில் புகழ் பெற்ற ஸ்லைடினி, இரண்டு பட்டுக் குட்டைகளைத் திரும்பத் திரும்பக் கட்டி இறுக்கி, அவை ஒவ்வொரு முறையும் பிரிந்து விழுவதைக் காட்டியே பெரிய வித்தகர்களையும் வாய் பிளக்க வைத்தார். ஆகவே துணியானது நழுவவும் வேண்டும், நழுவும் வரையில் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டும். இந்த இரண்டு லட்சணங்களும் பொருந்தியதென்று உலகத்து வித்தைக்காரர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்டது ஹபொதாய் என்னும் மெல்லிய ஜப்பானியப் பட்டு. அதன் கனத்தை மோம்மே என்ற அளவால் குறிப்பார்கள். 8 மோம்மே என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். வங்காளத்து மந்திரவாதி பி. சி. சர்க்கார் ஜப்பானிலேயே உயிர் நீத்ததைக்கூட (அது 1971 ஜனவரியில்) நம்மவர் இந்தப் பட்டோடு சேர்த்தே பேசுவார். அந்தச் சேர்க்கைக்கு ஆதாரம் ஏதும் கிடையாது.

ஜப்பானியப் பட்டு கிடைக்காவிட்டால் என்ன, தருமபுரியில்தான் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறதே என்று ஒருநாள் அவருக்கு உதயமாயிற்று. பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் கூடைகளில் கூடு கொண்டுவந்து, ஏலம் எப்போது தொடங்கும் என்று காத்திருந்த குடியானவர்களிடம் போய், “இந்தக் கூட்டில் வரும் நூலுக்கு முடிச்சு நிற்குமா?” என்று விசாரித்திருக்கிறார். “நிக்காம என்னாங்க, கல்யாணச் சேலையே நிக்குதே” என்றாராம் ஒரு பெரியவர். கச்சாப் பட்டில் கால்பங்குக்கு நெருக்கமாகப் பசையே இருக்கிறது, சோப்பு நீரில் கொதிக்கவைத்து அதைப் போக்கினால்தான் வழுக்கும் என்று அவர் அந்தப் பெரியவருக்கே எடுத்துரைத்துவிட்டு வந்தார். கூடு வாங்கவில்லை.

இதுவரைக்கும் நான் சிரித்துக்கொண்டு எழுதினேன். இனி எழுதப்போவதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத் தேர் பார்க்கவேண்டும், பெண்களே வடம் பிடிக்கிற வைபவத்துக்குக் கௌரவமாகப் போகவேண்டும் என்று சொல்லி, என்னுடைய சேலம் வெண்பட்டு வேட்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். வேட்டி துவைத்து மடித்துத்தான் திரும்பியது. பிரித்துப் பார்த்தால், கரைக்கு மேலே, அளவெடுத்தாற்போல 18 அங்குலச் சதுரம் ஒன்றைக் காணோம். “உள்மடிப்பில் போய்விடும் அண்ணா, கட்டினால் தெரியாது” என்றார். கட்டினால் தெரிகிறது. என் மகளின் திருமணத்தில் நான் கட்டிய வேட்டி அது. இதற்கு மன்னிப்பாக ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. அந்தத் துணி கனம் அதிகம், முடிச்சு முரண்டு பிடிக்கிறது என்ற குறையை மட்டும் என்னிடம் தெரிவித்துவிட்டுப் போனார்.

ஆனாலும் அண்டை வீட்டுக் காதுகுத்தில், அழுது ஓய்ந்த குழந்தையின் முன்னால் அவர் மண்டியிட்டு, சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு குட்டைகளைக் கட்டி, அதன் பிஞ்சுக் கையைக்கொண்டே முடிச்சின்மேல் தட்டச்செய்து, இரண்டையும் இரண்டாக உதறிக் காட்டியபோது, அந்தக் குழந்தை மட்டுமன்று, ஆசாரியும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கூட்டம் ‘இன்னொரு தரம்’ என்று கூவிக்கொண்டிருக்க, நம்மவர் அதைக் காதில் வாங்காமல் நேரே என்னிடம் வந்து, “துணி எப்படி அண்ணா? ஓரத்தை மிஷினில் அடிக்காமல் கையால் சுருட்டித் தைக்கச் சொன்னேன், முடிச்சுக்குள் தடிப்பே இல்லை பார்த்தீர்களா?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

தருமபுரி ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். அவர் வந்தால் விரட்டவேண்டாம். மழை நாளில், கூட்டமில்லாத நேரத்தில் வரச்சொல்லி, வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்து முன்னால் போட்டுவிடுங்கள், பொழுது சாயும் வரை யாருக்கும் உபத்திரவம் இராது. பட்டு வேட்டி வைத்திருக்கும் மற்ற மகாஜனங்கள் பீரோவின் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளவும்.