கேரல் வராத வீடு

எங்கள் சபையாருக்குப் பேசக் கூச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஞாயிறு ஆராதனையில் ஆசீர்வாதம் கூறி முடித்ததும் கோயில் வேப்பமரத்தடியில் கொஞ்சம் நின்று பாருங்கள். மனை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், நான்குவழிச் சாலையிலிருந்து ஐந்தே நிமிடத்தில் இருக்கும் பிளாட்டைப் பற்றிச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஐந்து நிமிடம் ஹெலிகாப்டர் கணக்கு என்பது வாங்கினவர்களுக்குத்தான் தெரியும். ஓர் அக்கா, மூலிகைச் சத்துமாவு குடித்துத் தன் முட்டுவலி தீர்ந்த கதையைக் கண்கலங்கச் சொல்லி, கையோடு பாக்கெட்டையும் நீட்டுவார். பாளையங்கோட்டையில் பஸ் ஏறினால் திருச்செந்தூர் போய்ச் சேர்வதற்குள், பக்கத்து சீட்டில் இருப்பவர் யாரானாலும் பாலிசி எடுக்கவைத்துவிடும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவரும் எங்களிடம் உண்டு.

இதே ஆட்களிடம், "அடுத்த வீட்டுக்காரரிடம் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினீர்களா?" என்று ஐயர் பிரசங்கத்தில் கேட்டுவிட்டால் போதும். அத்தனை பேரும் பாட்டுப் புத்தகத்தில் எதையோ அவசரமாகத் தேடுவார்கள். வெளியே வந்து, "நமக்கெல்லாம் பேச வராதுவே" என்பார் பிளாட் அண்ணாச்சி.

உலகம் விசுவாசியின் வாயை அடைக்கிறது என்று கன்வென்ஷன் பிரசங்கிமார் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வாய் திறந்துதான் இருக்கிறது; முன்பதிவு முடிந்துவிட்டது.

இது இன்றைய வியாதியும் அல்ல. லூக்கா 14ஆம் அதிகாரத்து விருந்துக்கு வராதவர்களைப் பாருங்கள். ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான், பார்க்கப் போகவேண்டும். இன்னொருவன் ஐந்து ஏர்மாடு வாங்கியிருக்கிறான், ஓட்டிப் பார்க்கவேண்டும். பிளாட்டும் டெஸ்ட் டிரைவும் அப்போதே வந்தாயிற்று. மூன்றாமவன் கல்யாணம் கட்டியவன். முதல் இரண்டு பேராவது மன்னிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இவன் வர முடியாது என்பதோடு நிறுத்திக்கொண்டான். பக்கத்தில் அவள் நின்றிருப்பாள் என்பது என் ஊகம். வேதத்தில் ஆதாரம் இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இப்படிச் சாக்குச் சொல்ல உரிமையே கிடையாது என்பதுதான் வேடிக்கை. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா எங்கள் சீமைக்காரர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர். பிறகு தெலுங்கு நாட்டுக்குப் போய், 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல்முறை. அவர் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தலையில் கை வைக்கச் சொல்லி, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தனக்கு ஐயோ என்று பவுல் எழுதினாரே, அதைச் சொல்லவைப்பாராம். எங்கள் சபையில் இப்போது அதைச் செய்யச் சொன்னால் சிக்கல்தான். ஒரு கையில் போன், மறு கையில் பவர் பேங்க். தலைக்கு எந்தக் கை?

அந்தச் சங்கத்தின் ஊழியத்தைத் தாங்கியதில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்துவைத்த பாட்டிமாருக்கும் பங்கு உண்டு. கைப்பிடி அரிசி என்பார்கள். அவர்களே கிணற்றடியில் அண்டை வீட்டாரிடம் ஆண்டவரைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். எந்தக் கமிட்டியும் அதற்குத் தீர்மானம் போட்டதில்லை.

எங்கள் ஆட்களுக்கு வீடு வீடாகப் போகத் தெரியாது என்றும் சொல்லமுடியாது. சபைத் தேர்தல் வரட்டும். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் இருவர் இருவராகப் புறப்படுவார்கள். கையில் நோட்டீஸ், முகத்தில் சாந்தம். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியம்மாவின் தலைமாட்டில் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுத்தான் அணியின் பெயரையே சொல்வார்கள். வேலைக்காகச் சென்னைக்குப் போய், பத்து வருஷமாகக் கோயில் பக்கமே வராத ஒருவரைக் கார் வைத்துக் கூட்டிவந்தார்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனை நான் நேரில் கண்டது அன்றைக்குத்தான். அந்த ஆட்டுக்கு ஓட்டு இருந்தது.

மற்ற நாட்களில் ஊழியம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. விடியற்காலை நாலரைக்கே சூரியோதயப் படத்தின்மேல் வசனம் ஒட்டி வந்துவிடும். சபைக் குழு, வாலிபர் குழு, பாடகர் குழு, குடும்பக் குழு என்று சுற்றி, அனுப்பினவருக்கே ஏழு மணிக்கு அது திரும்பி வரும். அவரும் 'ஆமென்' போடுவார். மனுஷரைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த வலையைப் படகுக்குள்ளேயே வீசி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் உச்சம் டிசம்பர். கேரல் ரவுண்ட்ஸ். மினி வேன், ஜெனரேட்டர், டிரம்ஸ், பலூன், ஆட்டம் போடும் கிறிஸ்மஸ் தாத்தா. இரட்சகர் பிறந்த செய்தியை நடுராத்திரியில் தெருவுக்கே கேட்க அறிவிக்கிறோம், ஆனால் லிஸ்ட்படி. லிஸ்டில் நம் சபை வீடுகள் மட்டும்தான். முப்பத்தாறாம் நம்பர் வீட்டில் பாடி, கேக் தின்று, கவர் வாங்கி, முப்பத்தேழைத் தாண்டி முப்பத்தெட்டில் போய் நிற்போம். முப்பத்தேழாம் வீட்டுக்குத் தூக்கம் போவது மட்டும் இலவசம்.

அந்த முப்பத்தேழாம் வீட்டு அக்கா போன வருஷம் பால் வாங்கப் போன இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம் தம்பி, இந்தப் பக்கமும் பாடுனிய, அந்தப் பக்கமும் பாடுனிய. எங்க வாசலை மட்டும் தாண்டிப் போயிட்டியளே? நான் கேசரி கிண்டி வச்சிட்டு முழிச்சிட்டுல்லா இருந்தேன்."

நான் லிஸ்டைப் பற்றிச் சொன்னேன். கேட்கவே எனக்குச் சகிக்கவில்லை.

"அது கெடக்கட்டும். அந்த ஆடுற தாத்தா இயேசு சாமிக்கு என்ன முறை?"

விளக்கமாகச் சொல்வதென்றால் நான்காம் நூற்றாண்டில் மீரா பட்டணத்தில் ஆயராக இருந்த நிக்கொலாஸ் வரை போகவேண்டும். பால் பாக்கெட் சொட்டிக்கொண்டிருந்தது. "தூரத்துச் சொந்தம்க்கா" என்றேன்.

அடுத்த சேகரக் கமிட்டியில் விஷயத்தை எழுப்பினேன். லிஸ்டில் இல்லாத வீட்டுக்குப் போனால் நேரம் இழுக்கும் என்றார் செயலர். நம் வீடுகளுக்கே பிந்திப் போனால் மனஸ்தாபம் வரும், தேர்தல் வேறு நெருங்குகிறது என்றார் இன்னொருவர். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கவர் கொடுப்பாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆனால் கேசரி உண்டு என்றேன்.

பாடகர் குழுத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெய்க் கேசரியா?"

வீட்டுக்கு வீடு அதே பிளம் கேக்கைத் தின்று நாக்கு செத்துப்போய்விட்டது என்று அவர் உருக்கமாகப் பேசினார். பிளாட் அண்ணாச்சி வழிமொழிந்தார். முப்பத்தேழாம் வீடு ஏகமனதாக லிஸ்டில் ஏறியது. கேக்குக்கும் பிரியாணிக்கும் நடுவே, பன்னிரண்டு மணி வாக்கில்.

"அந்த அம்மா மறுபடியும் தாத்தாவைப் பத்திக் கேட்டா என்ன சொல்ல?" என்றேன்.

அதற்கு மூன்று பேர் கொண்ட சப்-கமிட்டி போட்டிருக்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் கூடும்.