உக்கிராணத் துரை

இங்கிலாந்தின் சிற்றூர்களில், ஒரே நடுச்சுவரைப் பொதுவாக வைத்துக்கொண்டு இரட்டை இரட்டையாக நிற்கும் செங்கல் வீடுகளில், மாடிப்படிக்கு அடியில், தலை குனிந்தால்தான் நுழையக்கூடிய இருட்டறை ஒன்று இருக்கும். மற்றவர்கள் வீட்டில் விளக்குமாறும் கிழிந்த குடையும் சேற்றுக் காலணிகளும் வாசம் செய்கிற அந்த இடத்தை, ஒருவகைக் கிருகஸ்தர் மட்டும் பலகை அடித்து, விளக்குப் போட்டு, பூட்டும் சாவியுமாகப் பரிபாலித்து வருவார். நகரசபைக் கணக்குப் பகுதியிலோ வங்கியிலோ நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒன்று விடாமல் போடுகிறவர். பேருந்து வரிசையில் யாராவது இடித்துவிட்டால் இடிபட்ட தாமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற சாது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் பிரயாணம் செய்தாலும், உலகம் வருகிற வியாழக்கிழமை முடிந்துவிடும் என்ற திட நம்பிக்கையும், முடிந்தால் முடியட்டும், வேண்டிய கடுகு நம்மிடம் இருக்கிறது என்ற திருப்தியும் அவர் உள்ளத்தில் குடிகொண்டிருப்பதை நீங்கள் ஊகிக்கவே முடியாது. இவருக்கு உக்கிராணத் துரை என்று பெயரிடுவோம்.

துரை தம் ஆயுளில் ஒருநாளும் பட்டினி கிடந்தவர் அல்லர். 1940 ஜனவரியில் ஆரம்பித்த உணவுப் பங்கீடு, 1954 ஜூலையில் மாமிசத்துக்கும் நீங்கி முற்றுப்பெற்ற பிறகுதான் அவர் ஜனனமே. ஆனால் அவரைப் பெற்ற புண்ணியவதி, அந்தப் பதினான்கு வருஷமும் கூப்பன் புத்தகமும் கையுமாகக் கடை வாசலில் நின்றவள். முட்டைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, அதை முட்டையென்று பாவித்துக் குடும்பம் நடத்தியவள். யுத்தகாலத்தில்கூடப் பங்கிடப்படாத ரொட்டி, யுத்தத்தில் ஜயித்த பின் 1946-இல் பங்கீட்டுக்கு வந்த விநோதத்தையும் கண்டவள். ஜயித்தாலும் ஆபத்து உண்டு என்ற அந்த அம்மாளின் சித்தாந்தம் பிள்ளைக்குப் பிதிரார்ஜிதமாக வந்து சேர்ந்தது. போதாக்குறைக்கு, அணுகுண்டு விழுந்தால் ஜனங்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று விளக்கி 1980-இல் சர்க்காரே ஒரு சிறு புத்தகம் வெளியிட்டு, பதினான்கு நாளைக்கு உணவு சேர்த்து வைத்துக்கொள்ளும்படி சொல்லியது. மற்றவர்கள் அதைப் பார்த்து நடுங்கினார்கள் அல்லது நகைத்தார்கள். துரையோ அதற்கு அட்டை போட்டு இன்றும் அறைக்குள் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டதும் நமக்குக் கிட்டுவது நவராத்திரிக் கொலுவின் தரிசனம். மேல்படியில் மார்மைட். பர்ட்டன் நகரத்தில் பீர் வடித்தபின் மிஞ்சுகிற ஈஸ்டுக் கசண்டை வீணாக்க மனமில்லாமல் 1902-இல் தொடங்கிய தொழிலின் பயன் அது. கன்னங்கரேலென்று, உப்புக் கரிக்கும் இந்தப் பசையைப் பற்றி அந்தத் தேசத்தில் மத்தியஸ்தமான அபிப்பிராயம் உடையவர்களைக் காண்பது அரிது. துரை அதன் பக்தர். துரைசானி அது திறந்திருக்கும் அறையில் சாப்பிட மாட்டாள். அதற்கு அடுத்து, லீ, பெரின்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர் இருவர் 1837-இல் வியாபாரத்துக்குக் கொண்டுவந்த வூஸ்டர் சாஸ். நெத்திலியும் நம் புளியும் அதில் கூடிக் கரைந்திருப்பதால், தமிழன் அதன்மேல் சிறிது பாத்தியதை கொண்டாடினாலும் குற்றமில்லை. கீழே மஞ்சள் டப்பாக்களில் கோல்மன் கடுகு. அந்தக் குடும்பம் செல்வம் சேர்த்தது ஜனங்கள் தின்ற கடுகினால் அல்ல, தட்டின் ஓரத்தில் மிச்சம் வைத்த கடுகினால்தான் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். துரை மிச்சம் வைக்கிறவர் அல்லர். அவர் டப்பாவைத் திறப்பதே இல்லை. இன்னும் செத்த சிங்கமும் தேனீக்களும் படம் போட்ட சர்க்கரைப் பாகு. முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக ஆல்ஃபிரட் பேர்டு என்ற பர்மிங்காம்காரர் முட்டையில்லாமல் கண்டுபிடித்த கஸ்டர்டுப் பொடி. ஆட்டிறைச்சியோடு மட்டுமே சோபிக்கக்கூடிய புதினா சாஸ். ஒரு மூலையில், 1953-இல் எவரெஸ்டு ஏறியவர்கள் எடுத்துச் சென்ற கெண்டல் புதினா மிட்டாய் ஒரு கட்டு. துரை இதுவரை ஏறிய சிகரம், தண்ணீர்த்தொட்டி இருக்கும் பரண்.

கூர்ந்து நோக்குகிறவனுக்கு இந்தச் சந்நிதானத்தில் ஒரு குறை புலப்படும். உள்ளவை யாவும் வியஞ்சனம். தொட்டுக்கொள்ள உண்டு, தடவிக்கொள்ள உண்டு, மேலே ஊற்றிக்கொள்ள உண்டு, ஆனால் எதைத் தொட்டு, எதில் தடவி, எதன்மேல் ஊற்றுவது என்ற கேள்விக்கு மட்டும் எந்தப் படியிலும் விடை இல்லை. துரைசானி ஒருநாள் கேட்டே விட்டாள்.

"எல்லாம் சரி, ரொட்டிக்கு என்ன செய்வீர்கள்?"

"ரொட்டி தெருமுனையில் தினந்தோறும் கிடைக்கிற சாமான். அதைப் போய் யாராவது சேர்த்து வைப்பார்களா?"

அவரை விவேகமற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பயப்படுவது பசிக்கு அல்ல. ருசி கெட்ட சாப்பாட்டை, அதுவும் தம் தேசத்து ருசி கலவாத சாப்பாட்டை, கஷ்ட காலத்தில் கண்ணியமாக உண்ண நேருமே என்பதுதான் அவருடைய பீதி.

அவருடைய பொற்காலம் 2004. பிரான்ஸ்டன் என்ற கிராமத்தில் 1922-இல் பிறந்து, அதன் பெயரையே தாங்கி, பாலாடைக்கட்டியோடு இணைபிரியாத தாம்பத்தியம் நடத்திவரும் ஊறுகாய் ஒன்று உண்டு. அது அப்போது தயாராகிக்கொண்டிருந்த பரி செயின்ட் எட்மண்ட்ஸ் தொழிற்சாலையில் அந்த வருஷம் அக்டோபரில் தீப்பிடித்தது. பஞ்சம் வரப்போகிறதென்று பத்திரிகைகள் அலறின. இணைய ஏலத்தில் ஒற்றை ஜாடிக்கு ஜனங்கள் அநியாய விலை கேட்டார்கள். துரையிடம் ஒரு படி நிறைய இருந்தது. தெருவில் அவர் நடையே மாறிவிட்டது என்கிறார்கள். கேட்க வந்த அண்டை வீட்டாருக்குத் தேநீர்க் கரண்டியால் அளந்து, பேரேட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார். அந்த வரிசையில் மீந்த ஜாடிகள் இன்னும் இருக்கின்றன. அட்டையில் அச்சிட்ட தேதி என்றோ கடந்துவிட்டது. ஆனால் இன்ன தேதிக்குள் உண்டால் சுவை நன்றாயிருக்கும் என்பது வேறு, இன்ன தேதிக்குமேல் உண்ணலாகாது என்பது வேறு என்று அவர் செய்கிற பாஷ்யத்தை, தர்க்கம் படித்தவர்களாலும் எளிதில் மறுக்க முடியாது.

ஐரோப்பியக் கூட்டிலிருந்து தேசம் விலகுவதா, எப்போது விலகுவது என்று 2019-ஆம் வருஷம் முழுவதும் பார்லிமெண்டு தத்தளித்தபோது, ஏறத்தாழ 300 பவுண்டு விலைக்கு ஆபத்துக்காலப் பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்தது. உலர்த்திய சாப்பாடு, தண்ணீர் வடிகட்டி, தீமூட்டும் சாதனம் ஆகியவை அதன் பொருளடக்கம். ஜாபிதாவை இருமுறை படித்த துரை, சட்னி இல்லை, கடுகு இல்லை, இது மனிதர் பிழைப்பதற்கான ஏற்பாடாகத் தெரியவில்லை என்று ஒதுக்கிவிட்டு, பார்லிமெண்டு மாளிகையின் படம் போட்ட ஹெச்.பி. சாஸ் புட்டிகளில் ஒரு பெட்டியை வாங்கி அடுக்கினார். துறைமுகம் அடைபட்டால் ராஜ்ய சாஸாவது மிஞ்சட்டும் என்பது அவர் எண்ணம். அது 2007 முதல் பர்மிங்காமில் அல்ல, கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில் தயாராகி, அதே துறைமுகங்களின் வழியாகத்தான் வருகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

கடைசியில், காத்திருந்த பிரளயம் 2020 மார்ச்சில் தொற்றுநோய் வடிவில் வந்தேவிட்டது. கடைப் பலகைகளில் மாவு இல்லை, பாஸ்தா இல்லை, கழிவறைக் காகிதம் இல்லை. தெருமுனையில் ரொட்டியும் கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் ஆயத்தம் செய்த மனிதர், பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டு, புதினா சாஸின் எதிரே வெகுநேரம் நின்றார். இறுதியில் அடுத்த ஊரிலிருந்த மகள் வந்து, வாசற்படியில் இரண்டு ரொட்டியை வைத்துவிட்டு, தூரத்திலிருந்தே கையசைத்துப் போனாள். இந்த இடைஞ்சலுக்கு நடுவே வேறொரு துக்கமும் சேர்ந்தது. மதுக்கடைகள் மூடப்பட்டதால் பீர் வடிப்பது குறைந்து, ஈஸ்டு அருகி, மார்மைட்டின் பெரிய ஜாடிகள் சில மாதம் தயாராகவில்லை. பிறந்தது முதல் ஒரு சொட்டு மது அருந்தாத துரை, மதுக்கடைகளைத் திறக்க வேண்டுமென்று மனமுருகிப் பிரார்த்தித்தது அப்போதுதான்.

இதனால் அவர் பாடம் கற்றுக்கொண்டார் என்று எண்ணிவிடாதீர்கள். 2024 மே மாதத்தில் சர்க்கார் மறுபடியும் ஜனங்களுக்குப் புத்தி சொல்லி, குடிநீரும், சமைக்காமல் உண்ணத்தக்க தகர உணவும், அத்துடன் தகரம் திறக்கும் கருவியும் வைத்துக்கொள்ளும்படி அறிவித்தபோது, கடைசியில் சொன்ன சாமான் ஒன்றே அவர் நெஞ்சைத் தொட்டது. இப்போது அவரிடம் அந்தக் கருவியில் மூன்று ரகம் இருக்கின்றன. பை என்று பெயர் கொண்ட மாமிசப் பணியாரம் அடைத்த தட்டைத் தகரத்தின்முன் மூன்றுமே தோற்றன என்பது வேறு விஷயம்.

மற்றபடி துரை தங்கமான மனிதர். விருந்தினரிடம் பிரியம் உள்ளவர். அந்தப் பக்கம் போகும்போது அவர் சாப்பிட அழைத்தால் தட்டாமல் போங்கள். வழியில் கடை திறந்திருந்தால், கையோடு ஒரு ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.