மண்மாரியும் அலமாரியும்

மண்மாரி பெய்து உறையூர் புதைந்தது என்கிறது தலபுராணம். வீடிழந்த சனங்களுக்கெல்லாம் கூரை கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று வெக்காளியம்மன் இன்றும் வெட்டவெளியில் நிற்கிறாள். உறையூர் இரண்டாம் முறை புதைந்ததற்குத் தலபுராணம் கிடையாது. அப்போது பெய்தது மண்மாரி அல்ல. அலமாரி.

1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் அகழாய்வு செய்தது. தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள் வந்தன. ரோமானியத் தொடர்பைச் சொல்லும் ஓடுகள் வந்தன. துணிக்குச் சாயமேற்றியது என்று கருதப்படும் செங்கல் தொட்டி வந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் கிரேக்க மொழியில் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில் ‘அர்காரு’ மெல்துணி என்று வருகிறதே, அது இந்த உறையூர்த் துணி என்பார்கள். சரி, இதையெல்லாம் சொல்லும் அறிக்கை எப்போது வந்தது? கே.வி.ராமன் எழுதி 1988ல். குழி வெட்டிய ஆண்டில் பிறந்த பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வயதில் குழியின் அறிக்கையும் அச்சேறியது. அதுவும் ஆங்கிலத்தில். உறையூர்க்காரன் படித்துத் தொலைத்துவிட்டால் என்ன ஆவது?

ஆனாலும் உறையூர் கொடுத்துவைத்த ஊர். அறிக்கை வந்தேவிட்டதே! ஆதிச்சநல்லூரில் 2004-05ல் தோண்டியதற்கு அறிக்கை எங்கே என்று கேட்க, ஜனங்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். தாழியில் கிடந்த எலும்புக்குப் பொறுமை அதிகம். அது பரவாயில்லை. நமக்கு?

கீழடிக்கு வேறு வைத்தியம். முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையைக் கொடுத்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து, 2025 மே மாதம், திருத்திக் கொடுங்கள் என்று அதைத் திருப்பி அனுப்பியது இந்தியத் தொல்லியல் துறை. ஐயம் இருந்தால் அச்சிட்டு வெளியிட்டு, மறுப்பையும் பக்கத்திலேயே அச்சிடுவதுதானே ஆய்வு உலகின் வழக்கம்? அகழாய்வாளர் எழுதினால் காலக்கணிப்பு. மேலிடம் எழுதினால் சாதகக் கணிப்பு. கீழடிக்கு எத்தனை வயது என்று கரித்துண்டைக் கேட்காதீர்கள், கோப்பைக் கேளுங்கள் என்கிறார்கள்.

கல்வெட்டின் கதையாவது மேலா? மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சுவரைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடிஅடியென்று அடித்தால், எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும். மைப்பந்தால் ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பும். வெயிலில் சாரமேறி நின்று, தோள்பட்டை கழன்று எடுத்த அந்தத் தாள்கள் அடுத்து எங்கே போயின? கல்வெட்டு அலுவலகத்தோடு ஊட்டிக்கு, 1966ல் மைசூருக்கு. நல்ல குளிர்ந்த ஊர்கள்தாம், குறை சொல்வதற்கில்லை. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட வேண்டிவந்தது. திருவரங்கம் கோயில் கல்வெட்டுகளுக்கான தனித் தொகுதி 1982ல்தான் வெளிவந்தது. பல்லாயிரம் மைப்படிகள் இன்னும் அச்சைப் பார்க்கவில்லை. இதற்கிடையே திருப்பணி என்று கோயில் சுவரில் மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்தை மழித்த புண்ணியவான்களும் உண்டு. மூலமும் போய், நகலும் பூட்டுக்குள் இருந்தால், ராஜராஜனே வந்தாலும் தன் கொடையை நிரூபிக்க முடியாது.

வெளியூர்க் கதையையும் பாருங்கள். ஈராக்கில் ‘ஊர்’ என்றே ஓர் ஊர். சுமார் 3,750 ஆண்டுக்கு முன் நன்னி என்பவர், மட்டமான செம்பைத் தலையில் கட்டப் பார்த்தாய், நான் அனுப்பிய ஆளையும் அவமதித்தாய் என்று ஏயா-நாசிர் என்ற வியாபாரிக்குக் களிமண் பலகையில் ஆப்பெழுத்தில் திட்டி எழுதினார். தோண்டினார்கள், படித்தார்கள், அச்சிட்டார்கள். இன்று உலகமே அந்தச் செம்பு வியாபாரியைப் பார்த்துச் சிரிக்கிறது. அங்கேயும் தேக்கம் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மட்டும் 1,30,000 பலகைகள் அளவில் இருக்கின்றன, வெளியிடாதவை ஏராளம். ஆனால் சிகாகோவில் 1921ல் தொடங்கிய அசீரிய அகராதியை, தொடங்கியவர்கள் செத்து, அவர்கள் மாணவர்களும் மூப்படைந்து, 2011ல் முடித்தார்கள். தொண்ணூறு ஆண்டு. அந்த மொழியைப் பேச ஒரு நாதி கிடையாது. நம் மொழியைப் பேசக் கோடிக்கணக்கில் ஆள் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, பேசிக்கொண்டே இருக்கிறோம்.

தொல்லியல் துறையை நடத்தும் தில்லியை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக முடியாது. மூத்த குடி என்று மைக் பிடித்து முழங்குகிறவர்களுக்கு, ஒரு தொகுதியின் மெய்ப்பு பார்க்க ஆள் போடத் தோன்றுவதில்லை. வளைவு எழுப்பலாம், சிலை வைக்கலாம்; அவற்றில் பெயர் பொறிக்க இடமிருக்கும். பொருளடைவில் யார் பெயர் போடுவது? கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மூப்படைந்து போகிறார்கள். அவர்களுக்கு இரங்கல் கூட்டம் மட்டும் தவறாமல் நடத்துகிறோம்.

பழைய குழியின் அறிக்கை வராமல் புதுக் குழிக்கு அனுமதி இல்லை என்று ஒரு விதி போதும். அறிக்கையைத் தமிழிலும் அச்சிடு என்று இன்னொன்று. மண்மாரியை யாராலும் தடுத்திருக்க முடியாது; அலமாரிக்குச் சாவி இருக்கிறது. அடுத்த முறை யாராவது உங்கள் ஊர் மேடையில் தமிழன் பெருமையை அளக்க ஆரம்பித்தால், கை தட்டுமுன் எழுந்து கேளுங்கள்: ஐயா, தோண்டியதில் எத்தனை அச்சாகியிருக்கிறது?