நோட்டரி ஆகப்போற மருமகனுக்கு

வாய்யா மருமகனே, உக்காரு. நீ நோட்டரிக்கு மனுப் போடப்போறேன்னு உங்க ஆத்தா ஊரு பூராச் சொல்லிட்டா. வக்கீலாப் பத்து வருஷம் ஆகியிருக்கணுமாம்ல? பொம்பளையாளுக, தாழ்த்தப்பட்டவுக, பழங்குடி, பிற்படுத்தப்பட்டவுகளுக்கு ஏழு வருஷம் போதுமாம். அதுல எத்தனை வருஷம் கோர்ட்டுக்குள்ள நின்ன, எத்தனை வருஷம் வாசல் டீக்கடையில நின்னன்னு மனுவுல கேக்கல. தப்பிச்ச.

1952-ல சட்டம் போட்டாக, 1956-ல விதி எழுதுனாக. எழுதுனவன் நம்ம மதுரைக்காரனை நல்லாப் படிச்சவன்யா. மனுவுல நீ கையெழுத்துப் போட்டாப் போதாது. ஒரு மாஜிஸ்திரேட், அரசுடைமை பேங்க் மேனேஜர், ஒரு வியாபாரி, உள்ளூர்ப் பெரிய மனுசங்க ரெண்டு பேரு, இத்தனை பேரும் கீழ போடணும். நகைக்கடன் வட்டிக்குப் பயந்து மேனேஜரைக் கண்டாலே சந்துல திரும்புற ஆளு நீ. கீழமாசி வீதியில உன்னைத் தெரிஞ்ச வியாபாரி இருக்காரு, கணக்கு நோட்டுல உம்பேரு இருக்கிறதால.

சரி, கெடைச்சிருச்சுன்னே வையி. உடனே காளவாசல்ல பிளெக்ஸ் வைக்கத் தோணும். வச்சிராத. வக்கீலு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு, பேர்ப்பலகையக்கூட அளவாத்தான் மாட்டணுமாம். கட்டணம் எவ்வளவுன்னு மட்டும் ஆபீசுக்கு உள்ளயும் வெளியவும் கண்ணுல படுற மாதிரி எழுதிப் போடச் சொல்லியிருக்கு. அந்தப் போர்டு மேல காலண்டரைத் தொங்கவிடுற வித்தையை உனக்கு நான் சொல்லித் தரணுமாக்கும்?

அஞ்சு சென்டிமீட்டர் வட்டச் சீலு. அதைக் குத்துறதுக்கு முன்னால, கையெழுத்துப் போடுற ஆளு உன் எதிர்ல நிக்கணும். வேலையே அம்புட்டுத்தான்யா, ஆளைப் பாக்குறது. ஆனா என்ன நடக்கும்? சாயங்காலம் டைப்பிஸ்ட் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டாந்து, "அவுக உசிலம்பட்டி போயிட்டாக சார், சீலை மட்டும் வைங்க"ம்பாரு. நீயும் டீயைக் குடிச்சுக்கிட்டே குத்துவ. நோட்டரி பாத்து அத்தாட்சி பண்ணுன பவர் பத்திரம்னா, சரியாத்தான் இருக்கும்னு கோர்ட்டு முதல்ல நம்பிக்கிருது. 2004-ல ஐகோர்ட்டுக் கிளை வந்தப்புறம் ஒத்தக்கடைப் பக்கம் மண்ணு விக்கிற வெலைக்கு, செத்தவன்கூட எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போடுவான். அவனையும் நேர்ல பாத்தேன்னு உன் ரெஜிஸ்டர்ல வரிசை எண்ணோட இருக்கும்.

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு சோடி மூச்சிரைக்க ஓடியாந்து, "சார், பத்திரத்துல கல்யாணம் எழுதிக் குடுங்க"ன்னு நிக்கும். எரக்கப்பட்டுப் பேனாவை எடுத்திராத. கல்யாணப் பத்திரம், விவாகரத்துப் பத்திரம் ரெண்டையும் நோட்டரி தொடக்கூடாதுன்னு 2024 அக்டோபர்ல டெல்லி சட்ட அமைச்சகமே தாக்கீது விட்டுருச்சு. சார்பதிவாளர் ஆபீசுக்கு வழி காட்டு. வெரட்டிக்கிட்டு வர்ற அப்பன்மாருக்கு எதிர்த்தெசையக் காட்டு. அதுக்குச் சீலு தேவையில்ல.

சர்ட்டிபிகேட்டு அஞ்சு வருஷத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்கணும். அதனால அஞ்சு வருஷமாவது ஒழுங்கா இருந்து பாரு.

அந்தப் பெரிய மனுசங்க ரெண்டு பேருல ஒருத்தன் நாந்தான்னு எழுதிக்க. காகிதத்தைக் கொண்டா, போடுறேன். அதுக்கு முன்னால போன தையில வாங்குன இருபதாயிரத்தை எண்ணி வையி. "மனுதாரர் நாணயமானவர், நேர்ல பாத்து அறிவேன்"னு நானும் கூசாம எழுதணும்ல?