கேட்டை அளந்து பாருங்கள்!

கே: பென்ஸ் ஜி.எல்.எஸ்., பி.எம்.டபிள்யூ. எக்ஸ்7 இரண்டில் எதை வாங்கலாம்? (ஈரோடு வாசகர்)

ப: ஓட்டப்போவது யார்? நீங்களே என்றால் எக்ஸ்7. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அத்தனை பெரிய உடம்பும் சொன்ன பேச்சு கேட்கும். டிரைவர் ஓட்ட, நீங்கள் பின்னால் காலை நீட்டிப் பேப்பர் படிப்பவர் என்றால் ஜி.எல்.எஸ். மீதியெல்லாம் காபி ஆறும்வரை ஷோரூம்காரர் சொல்லும் கதை.

கே: டீசலில் எது பலசாலி? (திருச்சி வாசகர்)

ப: 450டி பென்ஸுக்கு 367 குதிரை, 750 நியூட்டன் மீட்டர். 40டி எக்ஸ்7க்கு 340, 700. காகிதத்தில் பென்ஸ்தான். ஆனால் உளுந்தூர்ப்பேட்டை டோல்கேட் வரிசையில் இரண்டும் லாரிக்குப் பின்னால்தான் நிற்கும். டீசலோடு ஆட்புளூவும் ஊற்ற வேண்டும் என்பதை டிரைவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கே: கடைசி வரிசையில் மாமனார், மாமியாரை உட்கார வைக்கலாமா? (மதுரை வாசகர்)

ப: உட்காருவார்கள், ஏறுவதுதான் பாடு. பட்டனை அழுத்தினால் நடு சீட்டு மோட்டாரில் நிதானமாக, மிக நிதானமாக, முன்னே நகரும். அதுவரை மாமியார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். எக்ஸ்7ஐ ஆறு சீட்டாக வாங்கினால் நடுவில் தனித்தனி நாற்காலி, இடையே புகுந்து பின்னால் போய்விடலாம். மருமகனுக்கு நல்ல பெயர் வேண்டுமென்றால் அதுதான் வழி. பென்ஸில் ஏழு பேரும் ஏறிய பிறகு டிக்கியில் மிஞ்சுவது 355 லிட்டர்; எக்ஸ்7இல் அதைவிடக் குறைவு. ஆனால் எக்ஸ்7இன் டிக்கிக் கதவு மேலே பாதி, கீழே பாதியாகத் திறக்கும். கீழ்ப் பாதியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம்.

கே: எக்ஸ்7 நம் செங்கல்பட்டுப் பக்கத்தில்தானே தயாராகிறது? ஊர்ப்பாசத்துக்காக வாங்கலாமா? (மறைமலை நகர் வாசகர்)

ப: மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. ஆலை இருப்பது நிஜம். பென்ஸைப் பூட்டுவது புனே அருகே சாக்கனில். இரண்டுக்கும் தாய் ஆலை எங்கே தெரியுமா? எக்ஸ்7க்கு தெற்கு கரோலினா, ஜி.எல்.எஸ்.ஸுக்கு அலபாமா. ‘ஜெர்மன் வண்டி’ என்று மார்தட்டுவதற்குமுன் யோசியுங்கள்.

கே: ஜி.எஸ்.டி. குறைந்ததாமே? (காரைக்குடி வாசகர்)

ப: செஸ்ஸோடு 50 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40. உடனே துள்ளாதீர்கள். 20 லட்சத்தைத் தாண்டிய காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 20 சதவீதம். இரண்டு வண்டியுமே ஒரு கோடிக்கு மேல். வரிப் பணத்திலேயே ஓர் இன்னோவா வாசலில் நிற்கும்.

கே: அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அடங்குமா? (அண்ணா நகர் வாசகர்)

ப: கட்டட விதிப்படி ஒரு காருக்கு 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். எக்ஸ்7 5.18 மீட்டர், பென்ஸ் 5.2. மூக்கோ வாலோ வெளியே நிற்கும். அசோசியேஷன் செயலாளரை இப்போதே சிநேகம் பிடியுங்கள். அகலம் இரண்டுமே சுமார் 2 மீட்டர். தூணோரம் விட்டால் கதவைத் திறந்து இறங்க ஒல்லியான டிரைவராகத்தான் பார்க்க வேண்டும்.

கே: டெஸ்ட் டிரைவை எந்த ரோட்டில் போவது? (சேலம் வாசகர்)

ப: உங்கள் தெருவில், குடும்பத்தோடு. ஷோரூம்காரரைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள்.